மழைக்காட்டில் தண்ணீர் பிடித்த வரலாறு

பணி ஓய்வு பெற்றபின் ஒரு பெண் வெளிநாடு செல்வதற்கு எங்கள் மதுரை விளாங்குடியில் அங்கீகரிக்கப்பட்ட காரணம் ஒன்றே ஒன்றுதான். அது மகளின் பேறுகாலம். என் மகளோ மதுரையிலேயே வாழ்க்கைப்பட்டு, மதுரையிலேயே பிள்ளை பெற்றுக்கொண்டவள். ஆகவே, போர்னியோத் தீவின் மழைக்காட்டில் ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் நடத்தும் களப் பயிற்சி வகுப்பில் மாணவியாகச் சேர்ந்திருக்கிறேன் என்று நான் சொன்னபோது, தெரு அதை நம்பவில்லை. ஏதோ மருத்துவம் செய்துகொள்ளப் போகிறேன், வெளியே சொல்லக் கூச்சப்படுகிறேன் என்று பேசிக்கொண்டார்கள்.

மதுரையின் மகளிர் கல்லூரி ஒன்றில் தாவரவியல் துறைத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மழைக்காட்டின் அடுக்குகளைப் பல்லாண்டுகள் கற்பித்திருக்கிறேன். அதற்காக என் கையாலேயே வரைந்த வண்ணப்படம் ஒன்று துறையில் இன்றும் தொங்குகிறது. வேம்பையும் கருவேலத்தையும் பார்த்து வளர்ந்த கண்களுக்கு அந்தப் படமே போதுமானதாக இருந்தது. நேரில் காணாத ஒன்றைக் கற்பித்ததில் எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை. நிலவைப் பற்றிக் கற்பிக்கிறவர்களும் அங்கே போய் வந்தவர்கள் அல்லர். ஆனாலும் படத்தில் நான் பூசிய பச்சை சரியான பச்சைதானா என்று பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணம் ஓய்வுக்குப்பின் வலுத்துக்கொண்டே வந்தது. பட்டம் பெற்ற எவரும் சேரலாம், வயது வரம்பு இல்லை என்று அறிவிப்பில் கண்டிருந்தது. அதை எழுதியவர்கள் என்னைப் போன்ற ஒருவரை எதிர்பார்த்து எழுதவில்லை என்பது பின்னால் தெரிந்தது.

புறப்படுமுன் முறைப்படி சொல்லிக்கொள்வதற்காக அவனியாபுரத்தில் இருக்கும் என் சம்பந்தி வீட்டுக்குச் சென்றேன். மருமகன் குடும்பத்துக்கு அங்கே லேத்துப் பட்டறை உண்டு. மருமகனின் தாயார் என்னை மதினி என்பார். நானும் அவரை அப்படியே அழைப்பேன். நல்ல மனம் கொண்டவர். ஆனால் ஒரு செய்தியை அவரிடம் சொல்வது நாளிதழில் விளம்பரம் கொடுப்பதைக் காட்டிலும் சிக்கனமானது.

“காடு பாக்கணும்னா ஒரு காரை எடுத்துக்கிட்டுக் கொடைக்கானல் போயிட்டுச் சாயங்காலமே திரும்பிரலாமே மதினி. அம்புட்டுத் தூரம் போயி என்ன செய்யப் போறீக?”

“படிக்கப் போறேன்.”

“படிச்சு?”

“சர்டிபிகேட் குடுப்பாங்க.”

“அதை வச்சு?”

மருமகன் காப்பி டம்ளருக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார். நான் நிதானம் இழக்கிற வழக்கம் உடையவள் அல்லள். அன்று இழந்தேன். “வாங்கிட்டு வந்து இதே வீட்ல உங்க கையில குடுக்கிறேன், அப்பப் பாருங்க” என்று சொல்லிவிட்டு எழுந்தேன். நான் விளாங்குடி வந்து சேர்வதற்குள் அந்த வாக்கு திருமங்கலத்து உறவினர்கள் வரை போய்ச் சேர்ந்திருந்தது. இனி அந்தச் சான்றிதழ் இல்லாமல் மதுரை விமான நிலையத்தில் இறங்குவது இயலாத காரியம். அவனியாபுரம் விமான நிலையத்துக்கு மிக அருகில் வேறு இருக்கிறது.

முழங்கால் வரை உயரமுள்ள ரப்பர் பூட்ஸ் தேவை என்று பல்கலைக்கழகம் எழுதியிருந்தது. கீழமாசி வீதியில் ஒரு கடையில் கேட்டேன்.

“கம்பெனிக்கா மேடம்? மொத்தமா எடுத்தா வெலையப் பாத்துப் போட்டுத் தாரேன்.”

“எனக்குத்தான்.”

கடைக்காரர் என் கஞ்சி போட்ட சேலையைப் பார்த்தார். “வீட்டுக்குள்ள தண்ணி ஏறிருச்சா மேடம்?” என்று கரிசனத்துடன் கேட்டார்.

புது பூட்ஸைப் பழக்கப்படுத்திக்கொள்ள வேண்டுமே. தெருவில் நடக்க வழியில்லை. ஆகவே மாலை வேளைகளில் மொட்டை மாடியில் நடந்தேன். வெயில் இறங்கியும் தளம் கொதித்துக்கொண்டிருந்த கோடைக்காலம் அது. பக்கத்து வீட்டு அம்மாள் துணி எடுக்க வந்தவர் சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, கீழே போய் என் கணவரிடம், “சார், மேடம் மாடியில பூட்ஸ் போட்டுக்கிட்டு அங்கிட்டும் இங்கிட்டும் நடக்குறாக, உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டிருக்கிறார். வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற என் கணவர் எந்தச் சிக்கலையும் சுருக்கமாகத் தீர்ப்பவர். “டாக்டர் சொல்லியிருக்கார்” என்று சொல்லிவிட்டார். தெருவின் சந்தேகம் உறுதியாயிற்று.

*

போர்னியோவில் அந்தக் களநிலையம் ஆற்றங்கரையில், மரத்தூண்களின் மேல் நின்ற நீண்ட பலகை வீடு. சுற்றிலும் காடு. என் படத்தின் பச்சை சரியில்லை என்பதை முதல் பார்வையிலேயே ஒப்புக்கொண்டேன். அந்தக் கடையில் கிடைத்த வண்ணம் அவ்வளவுதான். உடன் படிக்க வந்தவர்கள் எல்லாரும் என் மகளைவிட இளையவர்கள். வகுப்பை நடத்திய இயக்குநரும் ஒரு பெண்தான். நெடிய உருவம், நிலையத்துக்குள் வெறுங்காலுடன் நடப்பார். அவரையே எல்லாரும் வெறும் பெயர் சொல்லி அழைத்தார்கள். என்னையும் அவ்வாறே அழைக்க முற்பட்டபோது நான் பதில் சொல்லாமல் இருந்தேன்.

அந்த இக்கட்டைத் தீர்த்தவள் உதவியாசிரியையாக வந்திருந்த ஒரு பெண். மதுரை மாவட்டத்து டி. கல்லுப்பட்டிக்குப் பக்கத்தில் பருத்தியும் மக்காச்சோளமும் போடுகிற விவசாயக் குடும்பம். அந்தப் பல்கலைக்கழகத்தில் எறும்புகளைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு நேராக நின்றாள்.

“மேடம், எங்க அக்கா உங்க காலேஜ்லதான் படிச்சா. போன்ல உங்களைப் பத்திப் பேசுனாலே கட்டில்ல இருந்து எந்திரிச்சு உக்காந்துக்குவா.”

அவள் வாய்க்கு வாய் மேடம் என்று அழைத்ததைக் கேட்டு, அதுவே என் பெயர் என்று மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இயக்குநர் உட்பட அனைவரும் அன்று முதல் மேடம் என்றே அழைத்தார்கள். நான் திருத்தவில்லை. ஆனால் மகிழ்ச்சியோடு ஒரு கவலையும் சேர்ந்து வந்தது. இந்த நிலையத்தில் நான் வழுக்கி விழுந்தாலும் கல்லுப்பட்டிக்குத் தெரியும்; அக்காவுக்குத் தெரிந்தால் என் பழைய மாணவியரின் வாட்ஸ்அப் குழு முழுவதற்கும் தெரியும். ஆகவே நான் விழவில்லை. ஒருமுறை நிலையத்தில் நடந்த கருத்தரங்கில் பேசிக்கொண்டிருக்கும்போது அட்டை ஒன்று கழுத்தில் ஏறிக் கடித்தது. வாக்கியத்தை முடித்தேன், கேள்விகளுக்குப் பதில் சொன்னேன், அதன்பிறகே வெளியே சென்று அதை எடுத்தேன். மறுநாளே மதுரையிலிருந்து என் கணவர், “அட்டை கடிச்சதாமே” என்று கேட்டார்.

முதல் நாளே இயக்குநர் விதிகளை வாசித்தார். ஒவ்வொருவரும் தனியாகச் சிறு ஆய்வு ஒன்றைச் செய்து, இறுதி நாளில் அவைமுன் படிக்க வேண்டும். செய்தவருக்குச் சான்றிதழ், செய்யாதவருக்குக் கலந்துகொண்டார் என்று ஒரு கடிதம். உதவியாசிரியர்கள் மதிப்பீட்டில் பங்கேற்பவர்கள். எனவே எந்த மாணவரின் ஆய்விலும் கை வைக்கக் கூடாது, வைத்தால் மறுமுறை அழைக்கப்படமாட்டார்கள். கலந்துகொண்டார் என்ற கடிதத்தின் மதிப்பை நான் அறிவேன். எங்கள் ஊர்க் கருத்தரங்குகளில் அதை உணவுப் பொட்டலத்துடன் சேர்த்துக் கொடுப்பது வழக்கம்.

‘மழைக்காட்டின் அடுக்குகள்: ஒரு முழுமையான ஆய்வு’ என்ற தலைப்பை அளித்தேன். இயக்குநர் மரியாதையுடன் படித்துவிட்டு, “மிக நன்று. இங்கே எத்தனை ஆண்டுகள் தங்குவதாக உத்தேசம்?” என்று வினவினார். தலைப்பைச் சுருக்கி, மரக்கன்றுகளில் எவை பிழைக்கின்றன என்று பார்க்க முடிவு செய்தேன். ஒரு பகுதியை அளந்து, அதிலிருந்த ஒவ்வொரு கன்றுக்கும் சிவப்பு நூல் கட்டினேன். குனிந்து கட்டியதில் இடுப்பு பிடித்துக்கொண்டது. அதை யாரிடமும் சொல்லவில்லை. அவற்றைக் கவனித்து வந்த நிலையில், ஒருநாள் காலை சென்று பார்த்தால் காட்டுப் பன்றிகள் இரவோடிரவாக அந்தப் பகுதி முழுவதையும் கிளறிப் புரட்டியிருந்தன. ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. கல்லுப்பட்டிப் பெண் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

“நல்ல உழவு மேடம். எங்கப்பா பாத்தா எந்த டிராக்டர்னு ஆள் விட்டுக் கேப்பாரு.”

“நீ போய் உன் எறும்பைப் பாரு” என்றேன்.

அன்று மாலை கணவர் தொலைபேசியில், சம்பந்தி அம்மாள் சான்றிதழின் நீள அகலத்தைக் கேட்டதாகச் சொன்னார். பட்டறையிலேயே இரும்புச் சட்டம் அடித்து வைத்துவிடலாம் என்று யோசனையாம். நான் இணைப்பு சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

*

இந்த இடத்தில் மதுரைக்கு வெளியே வாழ்பவர்களுக்காக ஒன்றை விளக்க வேண்டும். எங்கள் தெருவில் மாநகராட்சித் தண்ணீர் முறை வைத்து, விடியுமுன் வரும். எங்கேனும் ஒரு மோட்டார் உறுமினால் உறக்கத்திலேயே கால்கள் தரையில் இறங்கிவிடும். குடம், வாளி, டிரம், அண்டா, சமயத்தில் சாப்பாட்டுத் தூக்கு வரை நிரப்பிவிட்டுத்தான் கண் முழுவதுமாகத் திறக்கும். முனைவர் பட்டம் பெற்றவருக்கும் பெறாதவருக்கும் இதில் வேறுபாடு கிடையாது.

நிலையத்தில் ஆற்றுநீரை மேல்தொட்டிக்கு ஏற்றுவதற்கு விடியலில் மோட்டார் ஓடும். வந்த மறுநாளே அந்தச் சத்தம் கேட்டு எழுந்தேன். சமையலறைக்குப் பின்னால் சென்று பார்த்தால், தொட்டி நிரம்பி, உபரிக் குழாய் வழியாகத் தெளிந்த தண்ணீர் வெறும் மண்ணில் கொட்டிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. மரத்தடியில், ஒரு தகரச் சாய்ப்பின் கீழே, பழைய பெயிண்ட் வாளிகளும் எண்ணெய் டின்களும் பிளாஸ்டிக் தொட்டிகளும் கேட்பாரற்றுக் கிடந்தன. ஒரு துண்டு டியூபும் கிடைத்தது. குழாயில் மாட்டி, முடிந்தவரை விளிம்பு தளும்ப நிரப்பினேன். மூடி இருந்தவற்றை மூடினேன். பெரும்பாலானவற்றுக்கு மூடி இல்லை. பிறகு சென்று படுத்தேன். முதல் நாள் இரவு வராத நிம்மதியான உறக்கம் அப்போது வந்தது.

அடுத்தடுத்த நாட்களில், நான் நிரப்பாத பாத்திரங்களும் இன்னொரு வரிசையாக நிரம்பி நிற்பதைக் கண்டேன். சமையற்காரர் பொறுப்புள்ளவர் என்று எண்ணிக்கொண்டேன். பன்றிகள் உழுத மறுநாள் விடியலில், கொட்டும் மழையில் குழாயடிக்குச் சென்றபோது அங்கே ஓர் உருவம் இடுப்பில் வாளியுடன் நின்றது.

“யாரது?”

“நான்தான் மேடம்.” கல்லுப்பட்டிப் பெண். “இந்த வரிசையெல்லாம் நீங்கதானா? நான் சமையக்காரர்னுல்ல நெனச்சேன்.”

“நானும் அவரைத்தான் நெனச்சேன். அந்த வரிசை?”

“என்னோடதுதான் மேடம். அம்புட்டுத் தண்ணியும் வழிஞ்சு போகுது. கேட்டுக்கிட்டு எப்படிப் படுக்கிறது?”

இருவரும் சொட்டச் சொட்ட நனைந்துகொண்டிருந்தோம். அவள் அப்போதுதான் கவனித்தவள்போல வானத்தைப் பார்த்தாள்.

“மழை பெய்யுதே மேடம்.”

“பெய்யட்டும். நாளைக்கு நின்னுட்டா?”

“அதுவுஞ் சரிதான்” என்று வாளியைக் குழாயின் கீழே வைத்தாள்.

அந்தக் காட்டில் மழை நின்றதாக அங்கிருந்த எவர் நினைவிலும் இல்லை.

விளைவு அந்த வாரத்திலேயே தெரிந்தது. நிலையத்தில் கொசு பெருகிவிட்டது. உணவு மேசையில் ஒவ்வொருவரும் தம்மைத் தாமே அறைந்துகொண்டிருந்தார்கள். இயக்குநர் மரத்தடியைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, இரவு உணவுக்கு அனைவரும் கூடியிருந்தபோது கேட்டார்:

“பின்னால் இருக்கும் பாத்திரங்களையெல்லாம் யார் நிரப்பியது?”

சமையற்காரர் தாம் இல்லை என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். கல்லுப்பட்டிப் பெண் தட்டிலிருந்த சோற்றைக் குனிந்து பார்த்தாள். அவள் வாய் மெல்லத் திறப்பதைக் கண்டேன். அது திறந்தால் இரண்டு மதுரைக்காரிகள் பன்னாட்டு ஆய்வு நிலையத்தில் கொசு வளர்த்த செய்தி உலகமெங்கும் போகும். நான் எழுந்து நின்றேன்.

“அவை ஆய்வில் உள்ள பாத்திரங்கள்.”

“யாருடைய ஆய்வு, மேடம்?”

“என்னுடையது.”

இது முற்றிலும் ஆதாரமற்ற கூற்று அன்று. எங்கள் தெருவில் மாநகராட்சி ஊழியர் வந்து டார்ச் அடித்துப் பார்ப்பதற்குமுன், நம் பாத்திரத்தில் புழு இருக்கிறதா என்று நாமே பார்த்துவிடுவது மானம் காக்கும் வழி. அந்தப் பழக்கத்தால் ஒவ்வொரு விடியலிலும் பாத்திரங்களுக்குள் எட்டிப் பார்த்தே வந்திருந்தேன். சிலவற்றில் புழு நெளிந்தது, சிலவற்றில் இல்லை.

“உங்கள் கேள்வி என்ன?” என்றார் இயக்குநர்.

“ஒரே மரத்தடியில், ஒரே தண்ணீர். சில பாத்திரங்களைக் கொசு தேர்ந்தெடுக்கிறது, சிலவற்றை ஒதுக்குகிறது. ஏன்?”

அவர் தட்டை நகர்த்தி வைத்தார். “எல்லாவற்றுக்கும் இன்றே வலை கட்டுங்கள். இறுதி நாளில் விடை சொல்லுங்கள். விடை இல்லையென்றால்…” என்று நிறுத்தினார். எஞ்சியதை நான் அறிவேன்.

*

தாவரவியலில் வாழ்நாளைக் கழித்த நான், சமையலறையிலிருந்து ஒரு வெள்ளைத் தட்டும் குழம்புக் கரண்டியும் இரவல் வாங்கிக் கொசுப்புழுக்களை எண்ணத் தொடங்கினேன். பூக்கள் அசையாமல் இருப்பதன் அருமை அப்போது விளங்கிற்று. எண்ணியவரையில் ஒன்று தெளிவாயிற்று: என் வரிசையில் அநேகமாகப் புழுவே இல்லை. அவள் வரிசையில் கணக்கற்றவை இருந்தன. வண்ணம் காரணமா, மரச்சருகு காரணமா என்றெல்லாம் பார்த்தும் ஒத்துவரவில்லை. முடிவில், பூக்களைப் பார்ப்பதற்கென்று வைத்திருந்த உருப்பெருக்கிக் கைவில்லையை எடுத்து, பாத்திரத்தின் உட்சுவரைப் பார்த்தேன். அவளுடைய வாளிகளில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஈரச் சுவரில், கரித்தூளைப்போல முட்டைகள் வளையமாக ஒட்டியிருந்தன. அந்தக் கொசு தண்ணீரில் முட்டையிடுவதில்லை. தண்ணீருக்கு மேலுள்ள சுவரில் இடுகிறது. என் பாத்திரங்கள் விளிம்புவரை தளும்பியதால் அங்கே சுவரே இல்லை.

“ஏம்மா, வாளியை நீ ஏன் முழுசா நிரப்பல?” என்று அவளிடம் கேட்டேன்.

“இடுப்புல தூக்கிட்டுப் போனா தெறிச்சுச் சேலை நனைஞ்சிரும்ல மேடம். மூணு விரல் விட்டுத்தான் புடிக்கணும்னு எங்கம்மா சொல்லும். இங்க சேலையும் இல்ல, ஒண்ணும் இல்ல. கை பழகிருச்சு.”

விளாங்குடியில் நாங்கள் இருந்த இடத்திலேயே டியூப் போட்டு விளிம்புவரை பிடிப்போம். கல்லுப்பட்டிப் பக்கம் தூக்கி நடப்பவர்கள் மூன்று விரல் குறைத்துப் பிடிப்பார்கள். என் ஆய்வின் விடை இந்த வேறுபாட்டில் இருந்தது. அதைச் சொன்னால் இரண்டு கைகள் நிரப்பியது வெளிப்படும்.

“மேடம், என்னைய இதுல சொல்லிராதீங்க” என்றாள். “கை வச்சான்னு தெரிஞ்சா அடுத்த வருசம் கூப்புட மாட்டாங்க. இந்தச் சம்பளத்துலதான் ஊருக்குப் போயிட்டு வாரேன்.”

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக நானே இரண்டு உயரங்களில் நிரப்பினேன் என்று சொன்னால் அவளும் தப்புவாள், எனக்கும் நுட்பமான ஆய்வாளர் என்ற பெயர் கிடைக்கும். ஒரு பொய்யினால் இருவருக்கு நன்மை என்றால் அதை விலக்குவது மிகக் கடினம். யோசித்து, பொய்யும் அல்லாத மெய்யும் அல்லாத ஒரு வாக்கியத்தை அமைத்துக்கொண்டேன்: ‘பாத்திரங்கள் இரு வேறு உயரங்களில் நிரப்பப்பட்டிருந்தன.’ அறிவியல் கட்டுரைகளில் இத்தகைய வாக்கியங்களுக்கு நல்ல வரவேற்பு உண்டு.

இறுதி நாளில் கஞ்சி போட்ட சேலை கட்டி, கீழே பூட்ஸ் அணிந்து அவைமுன் நின்றேன். முட்டை வளையத்தைக் காட்டியபோது இயக்குநர் நாற்காலியின் நுனிக்கு வந்தார். முடித்ததும் கைதட்டினார்கள். அத்துடன் அமர்ந்திருக்கலாம். ஆனால் இயக்குநர் கேட்டார்:

“மிக நேர்த்தியான திட்டம், மேடம். இரண்டு உயரங்கள் வைக்க வேண்டும் என்று உங்களுக்கு எப்படித் தோன்றியது?”

வாய் திறந்தேன். நான் அமைத்த வாக்கியம் வரவில்லை. ‘எனக்குத் தோன்றியது’ என்ற இரண்டு சொற்கள் போதும். வகுப்பறையில் பிறர் விடையைத் தம் விடையாக எழுதுகிறவர்களை எழுப்பி நிறுத்தியவள், அதே சொற்களை இங்கே எப்படிச் சொல்வேன்? அதிலும் அந்த அக்காவின் தங்கை முன்வரிசையில் இருக்க?

“எனக்குத் தோன்றவில்லை” என்றேன். “ஒரு வரிசை என்னுடையது. மற்றது உங்கள் உதவியாசிரியையுடையது. தொடக்கத்தில் ஒருவர் நிரப்புவது மற்றவருக்குத் தெரியாது.”

அவள் எழுந்து நின்றுவிட்டாள். இயக்குநரின் முகம் மாறியது. “விதி உங்களுக்குத் தெரியுமல்லவா?” என்று அவளைக் கேட்டார்.

“விதி மீறப்படவில்லை” என்று நான் குறுக்கிட்டேன். “உணவு மேசையில் நான் எழுந்து சொன்ன பிறகுதான் அது ஆய்வு. அதன்பின் அவள் ஒரு பாத்திரத்தையும் தொடவில்லை. அதற்குமுன் அது வெறும் தண்ணீர்.”

“அப்படியானால் அதற்குமுன் எதற்காக நிரப்பினீர்கள்?”

தகரக் கூரைமேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவரவர் பேச்சு அவரவருக்கே கேட்காத மழை. இந்தக் கேள்விக்குக் கௌரவமான விடை இல்லை என்பதை உணர்ந்தேன். நிமிர்ந்து நின்று சொன்னேன்:

“தண்ணீர் வந்தது. பிடித்தோம்.”

“மேடம் சொல்றது சரிதான்” என்று கல்லுப்பட்டிப் பெண் தமிழிலேயே அனைவருக்கும் விளக்கினாள். பிறகு இயக்குநர் சிரிக்கத் தொடங்கினார். மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, நிறுத்தி, என்னைப் பார்த்து மறுபடியும் தொடங்கினார். அவை முழுவதும் சிரித்தது. என் வாழ்நாளில் ஓர் அவை என்னைப் பார்த்துச் சிரித்தது அதுவே முதல்முறை. அது ஓயும்வரை காத்திருந்துவிட்டு, “வேறு கேள்விகள் உண்டா?” என்றேன்.

அவளுக்கு எந்தத் தண்டனையும் இல்லை. எனக்குச் சான்றிதழ் கிடைத்தது. ஆய்வின் தலைப்பு அதில் இடம்பெற வேண்டும் என்பது அவர்கள் முறை; தலைப்பை இயக்குநரே எழுதினார். புறப்பட்ட நாள் விடியலில் மோட்டார் ஓடியது. தண்ணீர் மண்ணில் கொட்டும் சத்தம் கேட்டது. நானும் எழவில்லை, அவளும் எழவில்லை. அதற்கு எவ்வளவு மனவலிமை வேண்டும் என்பதை எங்கள் தெருவில் உள்ளவர்கள் அறிவார்கள்.

*

ஊர் திரும்பிய முதல் ஞாயிறன்று அவனியாபுரம் சென்று, சான்றிதழைச் சம்பந்தி அம்மாளின் கையில் கொடுத்தேன். அவர் அதைக் கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு மகனிடம் நீட்டினார். “என்ன போட்ருக்குடா?”

மருமகன் படித்து, தமிழில் சொன்னார்: “மதுரைப் பக்கத்து வீடுகளில் தண்ணீர் பிடித்துவைக்கும் முறையும், அதில் கொசு முட்டையிடும் விதமும்.”

சம்பந்தி அம்மாள் சான்றிதழைத் திரும்ப வாங்கி இன்னொரு முறை பார்த்தார்.

“அப்ப ஏரோப்ளேன்ல ஏறிப் போயித் தண்ணி புடிச்சிருக்கீக” என்றார் சம்பந்தி அம்மாள்.

என் கணவர் சுவர் நாட்காட்டியைப் பார்க்கத் தொடங்கினார். நான் நிதானத்தைக் கைவிடவில்லை. “புடிச்சது மட்டும் இல்ல மதினி. எதுல புழு வைக்கும், எதுல வைக்காதுன்னு கண்டுபிடிச்சேன்” என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். முகத்தில் இருந்த கேலி எங்கோ போய்விட்டது. “நெசமாவா? கொல்லையில இருக்க நம்ம டிரம்முல ஓயாம வைக்குது மதினி. கார்ப்பரேசன்காரன் வந்து, இன்னொரு தடவ பாத்தா அபராதம்னு சத்தம் போட்டுட்டுப் போயிட்டான். தெருவே வேடிக்கை பாத்துச்சு. எனக்கு மானமே போச்சு. ஒரு எட்டு வந்து பாருங்க.”

கொல்லைப்புறத்தில், பட்டறைச் சுவரை ஒட்டி, இடுப்புயர நீல டிரம் ஒன்று பாதித் தண்ணீருடன் நின்றது. மேலே பலகை ஒன்று அரைகுறையாகச் சாத்தியிருந்தது. வெள்ளைத் தட்டும் கரண்டியும் கேட்டேன்; ஓடிப்போய்க் கொண்டுவந்தார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கைப்பையிலிருந்து வில்லையை எடுத்துக்கொண்டு, உட்சுவரைப் பார்ப்பதற்காக இடுப்புவரை டிரம்முக்குள் குனிந்தேன். எதிர்பார்த்த இடத்தில் முட்டைகள் வளையமாக இருந்தன.

மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண்குரல் கேட்டது. “என்னக்கா, டிரம்முக்குள்ள யாரு?”

“எங்க மதினி” என்றார் சம்பந்தி அம்மாள். குரலைச் சற்று உயர்த்தி, பட்டறைவரை கேட்கும்படி தொடர்ந்தார்: “விளாங்குடி மதினி. இதுக்குன்னே வெளிநாடு போயிப் படிச்சு, சர்டிபிகேட் வாங்கிட்டு வந்திருக்காக. பெரிய பெரிய ஆளுக எல்லாம் உக்காந்து கேட்டாகளாம்.”

தலை டிரம்முக்குள் இருந்தபடியால், அந்த நேரத்தில் என் முகம் எப்படி இருந்தது என்பது எவருக்கும் தெரியாது.